சில பகுதிகளில்

பென்னாகரம் ஒன்றியம். எட்டாம் வகுப்பு, அறிவியல்.
வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன்:
ஒரு பத்தி, ஐந்து கேள்வி,
தலைக்குப் பன்னிரண்டு நிமிடம்.

பதினேழாவதாக மாதேஸ்வரி.
உட்கார்ந்ததும் தாளை மூக்குவரை தூக்கிக்கொண்டாள்.
கண் பரிசோதனை தேவை என்று
ஓரத்தில் குறித்தேன்.

"நிலத்தடி நீரில் ஃபுளோரைடு
லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால்..."
மற்றவர்களெல்லாம் ஃபுளோ, ஃபுளோ என்று
அங்கேதான் வண்டியை நிறுத்தினார்கள்.
இவள் வீட்டுச் சாமான் பெயர்போலச் சொல்லிப் போனாள்.
எங்கே பழகினாள் என்று கேட்க
படிவத்தில் இடமில்லை.

"சில பகுதிகளில்
குழந்தைகளின் பற்களில் நிலையான பழுப்பு நிறக்..."

நின்றாள்.
கறை. இரண்டே எழுத்து.
கடினச் சொல் பட்டியலில் இல்லாதது.
தடுமாற்றம்: ஒன்று.
குரல் போதாது: அதற்கும் ஒரு கோடு.

முதல் மூன்று கேள்விக்கும்
விரலை வரிமேல் வைத்தே விடை சொன்னாள்.
நான்காவது:
சில பகுதிகள் என்பது எவற்றைக் குறிக்கிறது?

விடைக்குறிப்பு என் மடியில் இருந்தது.
ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருள்ள பகுதிகள்.
முதல் வரியிலேயே இருக்கிறது, பாரேன் என்று
கண்ணால் காட்டினேன்.

தாளை இறக்கினாள்.
முன்பல் நான்கிலும்
டீ வடிகட்டும் துணியின் நிறம்.

"இங்கதான் டீச்சர்.
ஒகேனக்கல் தண்ணி வராத அன்னிக்கு போர் தண்ணிதான்.
எழுதினவரு ஊர்ப் பேர விட்டுட்டாரு."

பத்திக்கு வெளியிலிருந்து சொல்லும் விடைக்கு
மதிப்பெண் கிடையாது. கையேடு, பக்கம் ஆறு.
பத்தி எங்கே முடிகிறது என்று
ஆறிலும் இல்லை, ஏழிலும் இல்லை.

மேசையில் என் பாட்டில்,
தர்மபுரியில் கேனிலிருந்து பிடித்து வந்த தண்ணீர்.
அவள் அதைப் பார்க்கவில்லை.
நான்தான் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ஐந்தாவது கேள்வியைக் கேட்டேனா,
என்ன சொன்னாள், நினைவில்லை.
நான்காவது கட்டத்தில் ஒன்று போட்டேன்.
கண், தடுமாற்றம், குரல்
மூன்றையும் அடித்தேன்.
மைப் பேனா. அடித்த பிறகும்
அடியில் இருப்பது தெளிவாகத் தெரிகிறது.

பதினெட்டாவது ஒரு பையன்.
உட்கார்ந்தான். தாளைத் தூக்கினான்,
மூக்குவரை.

அதற்கு முன் வந்த பதினாறு பேர்
எப்படிப் பிடித்திருந்தார்கள்?
ஃபுளோ, ஃபுளோ என்பதைத்தான்
எண்ணிக்கொண்டிருந்தேன்.