முப்பத்தெட்டு

நாற்பதுகூட இல்லை.
முப்பத்தெட்டு விழுக்காடு.
மீதி அறுபத்திரண்டு எங்கே போயிற்று என்று
ஓதில் கேட்டபோது
என் வாயில் ரொட்டி இருந்தது.

எங்கும் போகவில்லை ஓதில்,
அந்தப் பிசின் மணிகளுக்குள்தான் இருக்கின்றன.
ஒட்டுகிற அவசரத்தில் யார் திசை பார்க்கிறார்கள்?
வேலை செய்யும் வாயைச்
சுவரோடு அழுத்திக்கொண்டு
ஒட்டிவிட்டன பல.
பால்சர்க்கரை அவற்றின் முதுகை உரசிக்கொண்டு போகிறது.
உள்ளே பசி இருக்கிறதா, தெரியாது.
அதை அளக்க நம்மிடம் கருவி இல்லை.

ப்யுல் நகரம் முழுக்கப் பாலாடைக்கட்டி.
கட்டியை எடுத்தபின் வடிகிற தண்ணீர்
பச்சைச் சாயலோடு
லாரி லாரியாய் எங்கள் கொட்டகைக்கு வரும்.
அதிலுள்ள சர்க்கரை நாக்குக்கு எட்டாது.
இரண்டாக நறுக்கினால்தான் இனிக்கும்.
நறுக்க ஒரு நொதி வேண்டும்.
நொதியின் விலையைச் சொன்னால்
கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

போன வருடம் அதை அப்படியே ஊற்றினோம்.
கரைந்தது, வெறியோடு வேலை செய்தது,
சரக்கோடு சரக்காய்ப் போய்விட்டது.
ஆற்றில் கரைத்த புளி என்றேன்.
புளி என்றால் என்ன,
அதை ஏன் ஆற்றில் கரைக்கிறார்கள் என்று
த்ரேம் ஆற்றுப் பாலத்தில் நின்று கேட்டாள்.
யாரும் கரைப்பதில்லை ஓதில்,
நாம்தான் கரைத்தோம்,
பன்னிரண்டு மாதம்.

அதனால் இந்த மணிகள்.
கடுகைவிடச் சிறியவை, உள்ளே எல்லாம் ஓட்டை.
உப்புக் கரைசலில் மூன்று நாள் மெல்ல உருட்ட வேண்டும்.
முதல் நாள் சும்மா தொட்டுக்கொள்ளும்.
இரண்டாம் நாள் ஒரு கை பிடிக்கும்.
ஒரு கை போதாது, சூடு ஏறினால் மடிப்பெல்லாம் அவிழ்ந்துவிடும்.
நாலு கை, ஐந்து கை பிடிக்க வேண்டும்.
அவை பிடித்த மூன்றாம் நாள்
நான் ஃப்ரிபூரில்
அனுமதி அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில்
எண்பத்தாறாம் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன்.
ஒரு வருடத்துக்குக் கொடுத்தார்கள்.

(என் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
ஒப்பந்தத்தில் பதினோராவது பிரிவு.
மூன்று வருடமாக நிலைக்கண்ணாடி
தரையில் சாய்ந்து நிற்கிறது.
என் முழங்கால்களை
என்னைப்போல் அறிந்தவர் இந்த மாநிலத்தில் இல்லை.)

ஜனவரியில் ஒரு சனி ஞாயிறு
வெப்பக் கட்டுப்பாடு சிக்கிக்கொண்டது.
அறுபது பாகை, இரண்டு இரவு, ஒரு பகல்.
திங்கள் காலை கதவைத் திறந்ததும்
ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த குடுவையில்
கரைந்திருந்த நொதி வெள்ளை வெள்ளையாய்த் திரிந்து
அவித்த முட்டையின் நூல்போல் தொங்கியது.
ஓதில் கெட்ட வார்த்தை சொன்னாள்.
பிரெஞ்சில் அது அழகாகத்தான் இருந்தது.

கண்ணாடிக் குழாயில் மணிகள் பேசாமல் கிடந்தன.
ஆறவைத்து, கழுவி,
புது நீரை மேலே ஊற்றினேன்.
சொட்டு.
அளவி பழுது பார்க்கப் போயிருந்ததால்
நீரிழிவுக்காரர் பயன்படுத்தும் பட்டையில்
ஒரு சொட்டு விட்டோம்.
பத்து எண்ணுவதற்குள் நிறம் மாறியது.
ஓதில் இன்னொரு பட்டையைக் கிழித்தாள்.
அதுவும்.

அளவி வந்தபின் சரியாகப் பார்த்தோம்:
நாற்பத்தேழாம் சுற்று, முப்பத்தாறு.

கண்ணாடி விஷயத்தைச் சொன்னதும்
துளைக்கருவி கொண்டுவருகிறேன் என்றாள்.
வேண்டாம், ஒட்டும் கொக்கி வாங்கியிருக்கிறேன் என்றேன்.
எத்தனை கிலோ தாங்கும்?
எத்தனை இடத்தில் பிடிக்கும் என்று கேள்.
சிரித்தாள். இன்னும் மாட்டவில்லை.

அறிக்கையை நான்தான் எழுதினேன்.
‘செயல்பாடு’ என்ற கட்டத்தில் முப்பத்தாறு.
‘இழப்பு’ என்ற கட்டத்தில்
அறுபத்து நான்கு என்று போட்டு, அடித்து,
இரண்டு என்று எழுதினேன்.
பக்கத்தில் இடம் இல்லாத இடத்தில்
கோடு இழுத்து ஒரு கட்டம் சேர்த்தேன்:
திரும்பி நிற்பவை, அறுபத்திரண்டு.

ஓதில் அதை நீக்கிவிடுவாள்.
நாளைக்குள்.