பதினாலு கால், ஐஸ் நாலு கட்டி

பாடாங் செராயில்
மூடிப்போன சூப்பர் மார்க்கெட்டின் மேல்மாடியில்
ஆழ்கடல் வந்து இறங்கியது.
பெரியவர்களுக்குப் பத்து வெள்ளி.
"மீன்காரருக்கு எதுக்கு மீன் கண்காட்சி?"
சிரித்தபடி
டிக்கெட் கொடுத்த பெண் எனக்குப் பாதிதான் வாங்கினாள்.

முதல் அறை முழுக்கச் சாடிகள்.
பழுப்புத் தண்ணீரில்
வாய் மூட மறந்து செத்தவை.
இருபத்திரண்டு வருடப் பழக்கம்,
எதைப் பார்த்தாலும் கை எடை போடும்.
செவுள்கள் வெளுத்திருந்தன,
வாங்கியிருக்க மாட்டேன்.

நெற்றியில் தூண்டில் நீட்டிய ஒன்றின் முன்னால்
பால்மரத்துக்குப் போகும் பச்சையம்மாள் நின்றாள்.
"நெத்தியில லைட்டு, நம்மள மாதிரியே."
"நம்ம லைட்டுக்குக் கொசுதான் வருது"
என்றாள் கூட வந்தவள்.

அடுத்த சாடியில் ஒரு சதைக்குவியல்,
மூக்கு மாதிரி ஏதோ தொங்கியது.
கீழே இருந்தவரை அதற்கு நல்ல முகம்தான்,
மேலே இழுத்ததில் குலைந்துவிட்டது
என்று மலாயில் எழுதியிருந்தார்கள்.
இரண்டு தடவை வாசித்தேன்.

கடைசி அறையில்தான் உயிர்.
பூந்தொட்டிக்கு அடியில் சுருளும் பூச்சியைப்
பூனை அளவுக்கு ஊதியது போல
பதினாலு கால்களோடு ஒன்று
குளிர்த்தொட்டியின் மூலையில் உட்கார்ந்திருந்தது.
பார்த்துக்கொள்ளும் பையன், பெயர் சியோக் லியாங்,
அது சாப்பிட்டு ஏழு மாதம் என்றான்,
தன் தப்பு போல.
"பசிக்காதா?"
"கேட்டால் சொல்வதில்லை."

எனக்கு மாதக் கடைசி வாரம் ஞாபகம் வந்தது.
என் ஹாரன் கேட்டதும்
இன்றைக்கு வேண்டாம் என்பார்கள்,
கதவைத் திறக்காமலே.

அன்று ராத்திரி அடித்த மழையில்
ஊர் மொத்தமும் கரண்ட் போனது.
ஒன்பதரைக்கு வாசலில் மோட்டார் சத்தம்.
தலையிலிருந்து தண்ணீர் வடிய அவன்:
"அபாங், ஐஸ் அடா?"

இருந்தது.
விடிந்தால் வரும் கோலமூடா மீனுக்காக
நாலு கட்டி, சாக்கில் சுற்றியபடி.
இருதயமேரி இடுப்பில் கை வைத்தாள்.
"திங்க முடியாத மீனுக்கா?"
"அது மீன் இல்ல."
"பின்ன?"
அதற்குள் நான் ஒரு கட்டியைத் தோளில் ஏற்றியிருந்தேன்.

லிஃப்ட் இல்லை, படி நாற்பத்தெட்டு.
சாடிகளுக்கு நடுவே
இடித்துவிடாமல் பக்கவாட்டில் நடந்தோம்.
சுத்தியால் உடைத்துப் பிளாஸ்டிக் பையில் கட்டி
உப்புத்தண்ணீரில் மிதக்கவிட்டோம்,
ஒன்று உருக ஒன்று.
ஒரு மணிக்குக் கைப்பேசி விளக்கை அணைத்தான்.
"பேட்டரி இல்லையா?"
"இருக்கிறது. அதற்கு வெளிச்சம் பிடிக்காது."

ஜன்னலுக்கு வெளியிலும் ஒன்றுமில்லை.
பஸ் நிலையம் இல்லை, கோயில் இல்லை,
செம்பனை ஆலையின் சிவப்புப் புள்ளி கூட இல்லை.
மழை மட்டும் எங்கோ மேலே.
கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து
குளிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது
உள்ளிருந்து ஏதோ கீறியது,
என் கைக்கு நேராக.
ஒரு தடவை. நின்றது.
பிறகு பல கால்கள், சரளையில்,
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.
"நடக்கிறது" என்றான் லியாங்,
தூங்கும் பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரலில்.
இருவரும் பார்க்கவில்லை.
பார்க்க முயலவும் இல்லை.

மூன்று பத்துக்கு விளக்கு வந்தது.
அது பழைய மூலையில்
ஒன்றுமே நடக்காதது போல.

காசு இப்போது இல்லை என்றான்.
கணக்குப் புத்தகத்தை எடுத்தேன்.
அவன் பெயரை எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டு,
"பதினாலு கால், ஐஸ் நாலு கட்டி"
என்று எழுதினேன்.

காலையில் ஐஸ் இல்லாத மீனோடு
தோட்டத்துக்குள் நுழைந்தேன்.
வெயில் ஏறுவதற்குள் தீர்த்தாக வேண்டும்.
கெம்போங் பாதி விலை என்று கத்தினேன்.
தேதி இருபத்தெட்டு.
கதவுகள் திறந்தன.

பச்சையம்மாள் சட்டியோடு வந்து
செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.
"சிவப்பாத்தானே இருக்கு, ஏன் இவ்வளவு மலிவு?"

"கரண்ட் போச்சு" என்றேன்.