லைன் கிளியர்

துணைமின்நிலையத்து காதர் மைதீனை
ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்,
ஒரு கல்யாண வீட்டில், பந்திக்கு நிற்கையில்.
அடையாளம் தெரிந்தது குரலால்தான்.
பதினொரு வருஷமாக அந்தக் குரல்
போனில் "லைன் கிளியர்" என்றதும்
ஏறிப்போய்க் கம்பியைத் தொட்டிருக்கிறேன்.
விசுவாசம்னா என்ன அங்கிள் என்று
ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்டபோது
இதைத்தான் சொன்னேன்.

வீரணன் செத்தபிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.
அன்றைக்கும் காதர் பாய் பொய் சொல்லவில்லை.
சப்ளை நிறுத்தித்தான் இருந்தது.
ஏதோ ஒரு வீட்டு ஜெனரேட்டர்
பின்வாசல் வழியே வந்து
உச்சியில் அவனைப் பிடித்துக்கொண்டது.
பெல்ட்டில் தொங்கியவனை
இறக்கியது நான்.

அப்புறம் ஆறு மாதம் மீட்டர் ரீடிங் எடுத்தேன்.
மாடிப்படி ஏறினாலே உள்ளங்கை வேர்த்தது.
சுகந்தி ஒன்றும் கேட்கவில்லை.
ராத்திரியில் என் கையை எடுத்துத்
தன் கைக்கடியில் வைத்துக்கொண்டு ஜெபிப்பாள்.
நான் கண்ணைத் திறந்தபடி
ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

ஐப்பசி. சனிக்கிழமை.
செல்லூர் கண்மாய் தெருவுக்கு வந்துவிட்டது.
பந்தல்குடி வாய்க்கால் எது, ரோடு எது என்று
மாடுகளுக்கும் தெரியவில்லை.
இரவு ஒன்றரைக்குப் போன்:
மீனாம்பாள்புரத்தில் ஒரு வீட்டில்
மூச்சு மெஷினை நம்பி ஓர் ஆள்.
இன்வெர்ட்டர் இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும்.
ஏற வேறு ஆள் இல்லை.

நானும் ஒப்பந்தப் பையன் தவசியும்
இடுப்பளவுத் தண்ணீரில் ஏணியைத் தள்ளிக்கொண்டு போனோம்.
கம்பத்தடியில் நின்று
நெற்றியைச் சிமெண்டில் வைத்தேன்.
பெரிய ஜெபம் எதுவும் வரவில்லை.
ஆண்டவரே, பயமா இருக்கு.
அவ்வளவுதான். மேலேயிருந்து
பதிலுக்கு மழைதான் வந்தது.

பிறகு போன் அடித்தது.
"லைன் கிளியர்" என்றார் காதர் பாய்.
வழக்கமாக வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை.
"எர்த் போட்டுக்கப்பா. போட்டுட்டுத் தொடு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
நீளக் கழி, நுனியில் கொக்கி, வாலில் செம்பு வயர்,
வயரின் மறுமுனை மண்ணுக்குள்.
தொடுவதற்கு முன் அதை லைனில் மாட்ட வேண்டும்.
எங்கிருந்து எது வந்தாலும்
அது வாங்கிக்கொண்டு மண்ணுக்கு இறக்கிவிடும்.
வீரணன் அவசரத்தில் மாட்டவில்லை.

தண்ணீருக்கடியில் மண்ணைத் தேடி
முளையை அடித்துவிட்டுத்
தவசி ஒரு மதில்மேல் ஏறிக்கொண்டான்.
நான் மேலே போனேன். படிக்கொரு தரம் நின்றேன்.
கொக்கியை நீட்டும்போது ஒரு மின்னல்.
கம்பமும் குறுக்குச் சட்டமும்
ஒரு நொடி பளிச்சென்று தெரிந்தன.
சின்ன வயதிலிருந்து பார்க்கிற உருவம்தான்.
அதில் தொங்கியவரை
இந்த மாதிரி யோசித்ததில்லை.

பயம் போய்விடவில்லை.
வந்தது, என் வழியாகவே வந்தது,
ஆனால் தங்காமல் கீழே போனது.
அறுந்த ஜம்பரைக் கட்டினேன்.
கிழிந்த கையுறைக்குள் விரல் நடுங்கவில்லை என்று
இறங்கிய பிறகுதான் கவனித்தேன்.
மூன்றாவது வீட்டு ஜன்னலில் டியூப்லைட்
இருமி இருமி எரிந்தது.
அந்த ஆள் யாரென்று இன்றுவரை தெரியாது.

விடிந்ததும் ஈர யூனிஃபார்மோடு
நரிமேட்டு ஆலயத்தில் கடைசி பெஞ்ச்.
முதல் பாட்டுக்கு எழுந்து நின்றது ஞாபகம் இருக்கிறது.
மிச்சமெல்லாம் சுகந்தி சொன்னது:
பிரசங்கத்தின் நடுவில் குறட்டை விட்டேனாம்.
கோயில்பிள்ளை தட்டி எழுப்ப வந்தாராம்.
ஐயர் பீடத்திலிருந்தே கைகாட்டி நிறுத்திவிட்டுக்
குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டாராம்.
காணிக்கைப் பை என் மடியைத் தாண்டிப் போயிற்றாம்.

நான் விழித்தபோது கூட்டம் கலைந்திருந்தது.
என் டூல்ஸ் பையிலிருந்து
கண்மாய்த் தண்ணீர் ஒரு கோடாக வடிந்து
பெஞ்சுகளுக்கடியில் வளைந்து வளைந்து
வாசற்படி தாண்டி
மண்ணுக்குப் போயிருந்தது.