அடிப்பக்கம்

பதினேழாம் எண் கராஜில் கார் இல்லை.
மேசை ஒன்று நிற்கிறது,
எண்ணெய் குடிக்கத் தயாராக.

தார்த்து நகரத்துப் பிப்ரவரி.
கதவுக்கு வெளியே மைனஸ் பதினொன்று.
உள்ளே மின்அடுப்பு முக்கி முனகிப்
பதினாறுக்கு ஏற்றி வைத்திருக்கிறது.
அதற்குக் கீழே போனால் எண்ணெய் லேசில் காயாது,
வாரக்கணக்கில் பிசுபிசுக்கும்,
முடிக்கத் தெரியாத பேச்சு மாதிரி.

பகலில் நான் பல் செய்கிறவள்.
பீங்கான் கடைவாய்ப்பல், முன்பல், பாலம்.
யார் வாயிலோ போய் உட்காரப்போகும் ஒன்றை
நாக்குக்கு உறுத்தாமல் மழுக்கத் தெரியும்.
அதனால்தான் ஆஷ் பலகையிடம்
கொஞ்சம் திமிராகப் போனேன்.

எண்பது, நூற்றிருபது, நூற்றெண்பது.
உப்புத்தாளின் எண் ஏற ஏறத்
தூள் மாவாகிறது, மாவு புகையாகிறது.
நடுவில் ஓர் எண்ணைத் தாண்டிக் குதித்தால்
மரம் அப்போது ஒன்றும் சொல்லாது.
எண்ணெய் பட்டதும் சொல்லும்.
ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தேன்,
படுத்திருந்த நார்கள் புல்லரித்து எழுந்தன,
காய்ந்ததும் அவற்றையும் சிரைத்தேன்.
கைவிளக்கைப் பலகையோடு படுக்கவைத்து,
கன்னத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன்.
ஒரு கீறல் இல்லை.

பிறகு ஆளிவிதை எண்ணெய்.
பழைய போர்வைத் துண்டில் தோய்த்து
முதல் இழுப்பு இழுத்ததும்
வெளுத்த பலகை தேன்நிறத்தில் விழித்தது.
இந்த ஒரு நிமிடத்துக்காக
மூன்று வாரம் தும்மலாம்.

இரண்டாம் இழுப்பில் தெரிந்தது
கை.

நான்கு விரல், கட்டைவிரல் பாதி.
எண்ணெய் ஏறாமல் வெளிறி,
மரத்தின் ரேகைக்குக் குறுக்கே.

பதினெட்டாம் எண் ராய்வோ.
படகு எஞ்சின் பிரித்துப்போடுகிறவர்.
பசை ஏழு நிமிடம்தான் பொறுக்கும்,
எட்டுப் பலகையைப் பிடிக்க நாலு கை வேண்டும்.
அன்று நான் திட்டுகிற சத்தம் கேட்டு வந்தார்,
கிளாம்ப்பை முறுக்கினார்,
பிதுங்கிய பசையை உள்ளங்கையாலேயே வழித்துவிட்டு
ஒன்றும் பேசாமல் போனார்.
மறுவாரம் மீட்டர் தகராறு.
என் அடுப்புக்கு அவர் பங்கு கட்டுகிறாராம்.
பன்னிரண்டு யூரோ.
அதோடு சரி, ஒட்டும் இல்லை உறவும் இல்லை

என்று நினைத்திருந்தேன்.
பசை அப்படி நினைக்கவில்லை.
ஆஷின் துளைகள் ஆழம்.
அங்கே இறங்கி, மரத்தின் வாயை அடைத்துக்கொண்டு
எந்த விளக்குக்கும் சிக்காமல் இருந்திருக்கிறது.

அழித்தேன். பொய் சொல்லவா?
சுரண்டியால் எண்ணெயோடு சேர்த்துச் சீவி,
மறுபடி எண்பது, மறுபடி நூற்றிருபது,
விரல் விரலாக.
சுண்டுவிரல் கடைசிவரை மல்லுக்கு நின்றது.
மறுபடி எண்ணெய். இருபது நிமிடம்.
குடித்ததுபோக மிச்சத்தைத் துடை. ஒரு நாள் காத்திரு.
மறுபடி.
பொறுத்தார் பூமி ஆளட்டும்,
எனக்கு நாலுபேர் சாப்பிடும் மேசை போதும்.

நனைந்த துணியைச் சுருட்டி வைக்கக்கூடாது.
எண்ணெய் காய்கிறபோது சூடேறும்,
மூலையில் எறிந்த உருண்டை
நடுராத்திரி தானாகப் பற்றிக்கொள்ளும்.
வேலியில் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டேன்.
பனிக்கு மேலே பழுப்புக் கொடிகள்.

நாலாம் பூச்சு காய்ந்ததும் கவிழ்த்தேன்.
ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும் என்பார்கள்.
அங்கே இன்னொரு கை.
ஐந்து விரலும், உள்ளங்கையும், முழுசாக.
உப்புத்தாளை எடுத்தேன்.
மணி பதினொன்றரை.
வைத்துவிட்டேன்.

ஏப்ரலில் மேசை ஆடியது.
தரைதான் கோணல் என்று
அட்டையை மடித்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.
திறந்த கதவருகே வந்து நின்ற ராய்வோ,
வணக்கம்கூடச் சொல்லாமல்,
"ஒரு கால் குட்டை" என்றார்.

இருவருமாகக் கவிழ்த்தோம்.
கையைப் பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
"எந்த மடையன் பசையைத் துடைக்காமல் விட்டது?"

அந்த ரம்பத்தை எடுங்கள் என்றேன்.
மற்ற மூன்று கால்களும்
குட்டைக் காலின் உயரத்துக்கு இறங்கிவர
இரண்டு மில்லிமீட்டர் அறுக்க வேண்டியிருந்தது.