யாவுக்கும் ஷாவுக்கும் நடுவில்

குர்திஷ் மொழியில்
பதினொன்று என்பது யான்ஸ்தே.
பதினாறு, ஷான்ஸ்தே.
வாய்க்குள் நாக்கு
எள்ளளவு நகர்ந்தால் போதும்.

ஓர்து மலைச் சரிவில் ஆகஸ்டு மாத மூடுபனி.
கருங்கடல் கீழே எங்கோ இருப்பதாகச் சொன்னார்கள்,
நான் பார்க்கவில்லை.
ஹேசல் புதர்களின் அடியில்
இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றை வேரில் கட்டி
குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்
உர்ஃபாவிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும்
லாரியில் வந்தவர்கள்.

தணிக்கைக்கு வந்தவர் தொல்கா.
நல்ல மனிதர், அதைச் சொல்லிவிட வேண்டும்.
சேற்றுக் காலோடு கூடாரத்துக்குள் நுழையத் தயங்கி
வாசலிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.
கையில் டேப்லெட், அதில் நாற்பத்தேழு கேள்விகள்.
குடிநீர் உண்டா.
கழிப்பறை எத்தனை அடி தூரம்.
கையுறை கொடுத்தார்களா.
முப்பத்திரண்டாவது கேள்வி, வயது.

அவள் பெயர் ஸெலால்.
தெளிந்த நீர் என்று அர்த்தம்.
அதை அவர் கேட்கவில்லை,
நானும் மொழிபெயர்க்கவில்லை.

விரல்கள் கறுத்திருந்தன,
பச்சைத் தோலின் சாறு, சோப்புக்குப் போகாது.
சாக்கு உரசிய தோளை
மற்றக் கையால் மூடிக்கொண்டு நின்றாள்.
முந்தின இரவே தாய் சொல்லிக் கொடுத்திருப்பாள்.
கங்காணி அதற்கு முன்பே.
இருந்தும்
வகுப்பில் பெயர் கூப்பிட்டதுபோல் நிமிர்ந்து
யான்ஸ்தே என்றாள்.

கங்காணி ஷெவ்கெத்
சிகரெட்டைப் பற்றவைக்காமல் உதட்டில் வைத்திருந்தான்.
தாய் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.
கட்டிய முடிச்சின் மேலேயே
இன்னொரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று.

அடுத்து நடப்பது எனக்குத் தெரியும்.
போன வருடம் பக்கத்து மலையில்
ஒரு பையன் பன்னிரண்டு என்றான்,
நானும் பன்னிரண்டு என்றே சொன்னேன்.
தோட்டத்தின் பெயருக்கு எதிரே சிவப்பு விழுந்தது.
மூன்றாம் நாள் பச்சையானது.
அதற்குள் அந்தக் குடும்பம், ஒன்பது பேர்,
பாதிக் கூலியோடும் அடுப்போடும் பாயோடும்
நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றிருந்தது.
கம்பெனி அறிக்கையில் அதற்குப் பெயர்
சீர்செய்யப்பட்டது.
எந்த மொழியிலிருந்து எந்த மொழிக்கு அது போனது
இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பதினாறு, என்றேன் துருக்கியில்.

தொல்கா அவளைப் பார்த்தார்.
பிறகு என்னை, கொஞ்சம் கூடுதல் நேரம்.
பிறகு விரல் திரையைத் தொட்டது.
முப்பத்துமூன்றாவது கேள்வி
நிழல் பற்றியது.

ஒன்றை மறந்துவிட்டிருந்தேன்.
அவள் பள்ளிக்கூடம் போகிறவள்.
மே மாதம்வரை, பிறகு நவம்பரிலிருந்து,
நடுவில் லாரி எங்கே கொண்டு போகிறதோ அங்கே.
பள்ளிக்கூடத்தில் பாடம் துருக்கியில்தான்.
தாய்மொழியில் விசாரிக்க வேண்டும் என்பது
கம்பெனியின் விதி, நல்ல விதி,
அதில்தான் என் சோறு.
இல்லாவிட்டால் அவளும் தொல்காவும்
என்னை நடுவில் வைக்காமலேயே
பேசிக்கொண்டிருக்கலாம்.

நான் சொன்ன எண் அவளுக்கும் கேட்டது.
வாயைத் திறந்தாள்.
தாயைப் பார்த்தாள்.
மூடிக்கொண்டாள்.

மாலை வேன் கிளம்பும்போது சரிவில் ஓடி வந்தாள்,
இடுப்புக் கயிற்றின் நுனி பின்னால் இழுபட.
என் மழைக்கோட்டுப் பையில்
எதையோ கொட்டிவிட்டுத் திரும்பி ஏறினாள்.
எந்த மொழியிலும் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நாள் மொழிபெயர்ப்புக்கு என் கூலி
அவளுடைய நான்கு நாள் கூலி.
ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.
யாராவது கதவைத் திறந்தால்
கொட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்கின்றன.
எத்தனை இருக்கும் என்று மனைவி கேட்டாள்.
ஒரு கைப்பிடி, என்றேன்.