கூட்டல் கழித்தல்

கழுத்தட்டையில் என் பெயர் பாதியில் நின்றுவிட்டது:
பூங்கோதை திருநாவுக்
அரசுக்கு இடம் போதவில்லை.
இத்தனைக்கும் மாதாமாதம்
உதவித்தொகை தருவது அரசுதான்.

லிவர்மோர். பெயரில் மட்டும் மோர் இருக்கிற ஊர்.
ஜூலை மாதம், வெளியே நூற்று மூன்று டிகிரி.
விடுதிக் கூடத்தில் ஏசி
எங்களைத் தயிராய் உறைய வைத்திருந்தது.

முப்பத்தெட்டு பேர், முப்பத்தெட்டு சுவரொட்டி.
வாழ்க, ஒழிக எதுவும் இல்லை.
நாலடிக்கு மூன்றடித் தாளில்
நாலு வருஷம் தூங்காத கணக்கு.

காஸ்பர், மொன்டானாக்காரன்,
பனிச்சரிவைக் கணக்கிடுகிறான்.
இந்த வெயிலில் அவன் சுவரருகேதான் கூட்டம்.
ஒலூச்சி ஒரு புரதம் மடிவதை
மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
நிஜத்தில் அது மடிய
ஓர் இமைப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும்.
மின் க்வா யாரோடும் பேசவில்லை.
அவன் தாளில் ஒரே ஒரு சமன்பாடு, அதன் கீழே,
"விடை ஏன் சரியாக வருகிறது என்று தெரியவில்லை."
எனக்கு அவனைத்தான் பிடித்திருந்தது.

என்னுடையது தீ.
காய்ந்த சரிவில் கிளம்பும் பொறி
எவ்வளவு தூரம் பறக்கும், யார் கூரையில் இறங்கும்.
நிலத்தை நாற்பது லட்சம் கட்டங்களாக வெட்டி
ஒவ்வொரு கட்டத்தையும் விசாரிப்பேன்:
நீ எவ்வளவு காய்ந்திருக்கிறாய்,
பக்கத்துக் கட்டம் உன்னிடம் என்ன சொன்னது?
ஊர்வம்பு போலத்தான்.
தீயும் அப்படித்தான் பரவுகிறது.

ஐந்தே முக்காலுக்கு
யாரோ சன்னல் பக்கமிருந்து கத்தினார்கள்.
அல்டமாண்ட் மேட்டில்
காற்றாலைகளின் காலடியில் புகை.
முதலில் ஒரு விரல் தடிமன்.
பிறகு முழங்கை.

எல்லோரும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டோம்,
கையில் சீஸ் துண்டு குத்திய பல்குச்சியோடு.
அப்புறம் ஒவ்வொருவராய் என் பக்கம் திரும்பினார்கள்.
கல்யாண மண்டபத்தில் யாராவது மயங்கி விழுந்தால்
டாக்டருக்குப் படிக்கிற பெண்ணைத் தேடுவார்களே,
அப்படி.

"எந்தப் பக்கம் போகும்?" காஸ்பர் கேட்டான்.

இதைச் சொல்ல எனக்கு
இரண்டாயிரம் செயலிகள் வேண்டும்,
பதினோரு மணி நேரம் வேண்டும்,
நேற்றைய புல்லின் ஈரம் வேண்டும்.
எல்லாம் கிடைத்த பிறகும் நான் சொல்லக்கூடியது:
தெற்கே இரண்டு மைல்,
கூட்டல் கழித்தல் இரண்டு மைல்.

"தெரியாது" என்றேன்.
யாரும் சிரிக்கவில்லை.
மின் க்வா மட்டும் மெல்லத் தலையாட்டினான்,
ஏதோ ஒரு நிரூபணம் முடிந்ததுபோல.

ஹெலிகாப்டர் ஒன்று
வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்தது.
மஞ்சள் சட்டைகள் எறும்பாய் ஏறின.
யாரோ டிராக்டர் ஓட்டிப்போய்
புல்லுக்கும் தீக்கும் நடுவே
ஒரு பழுப்புக் கோடு இழுத்தார்கள்.
என் நிரலில் அந்தக் கோடு இல்லை.
டிராக்டரை ஓட்டியவரும் இல்லை.

நாற்பது நிமிஷம். புகை வெளுத்தது.
திரும்பி வந்தபோது சீஸ் தீர்ந்திருந்தது.

வேலைக்கு ஆள் தேடி வந்த ஓர் இளைஞன்
என் தாளின் முன் நின்று,
வரைபடத்தின் நீளக் கோடுகளைத் தொட்டு,
"பிழை இவ்வளவு பெரிதா?" என்றான்.
பிழை என்றால் தவறு,
பிழை என்றால் உயிரோடு இரு,
எங்கள் மொழியில் இரண்டும் ஒரே சொல் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவன் பனிச்சரிவுக்குப் போய்விட்டான்.

இரவு அறையில் மடிக்கணினியைத் திறந்தேன்.
காலையில் அனுப்பிய கணக்கு
இன்னும் தொடங்கவே இல்லை.
வரிசையில் நானூற்றுப் பன்னிரண்டு.
மேட்டில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாய் விழித்து ஒன்றாய் மூடின.
தலைமுடியில் கருகிய புல் வாசம்.
எப்படி வந்தது? வெளியே நான் போகவே இல்லை.

குளித்துவிட்டு வந்து பார்த்தேன்.
நானூற்றுப் பதினொன்று.