நிகர எடை

தெற்கு கோபியில்
நிலக்கரி லாரிகள் எல்லைக்குப் போகும் சாலையில்
மூன்றாம் எண் எடைமேடை என்னுடையது.
மொத்த எடை, வெற்று எடை,
கழித்தால் நிகர எடை.
பன்னிரண்டு மணி நேரமும் இதுதான் என் பேச்சு.

கேன்டீனில் யாரோ ஒரு பொறியாளர் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம்.
முன்னட்டை இல்லை, முதல் பதினொரு பக்கங்களும் இல்லை;
அடுப்பு தின்றிருக்க வேண்டும்.
பன்னிரண்டாம் பக்கத்தில்
கூரை போடும் கனடாக்காரி ஒருத்தி
ஏற்கெனவே கட்டிலில் கிடக்கிறாள்.
எல்லாம் அந்த ஃபாலுக்குப் பிறகுதான், என்கிறாள்.
அகராதியைப் புரட்டினேன்.
முதலில் நின்றது இலையுதிர்காலம்.
மூன்று வாரம் நான்
ஓர் இலையுதிர்காலம் அவள் முதுகெலும்பை முறித்ததாகவே
நம்பிப் படித்தேன்.
ஏன் முடியாது?
என் அண்ணனின் முந்நூறு ஆடுகளைக் கொன்றது
ஒரு வசந்தம்.

சொற்களை எடைச்சீட்டின் முதுகில் எழுதுவேன்.
நம்ப் என்றால் மரத்துப்போனது.
மைனஸ் முப்பத்திரண்டில் என் விரல்களுக்கு
அது பழக்கம்தான், பெயர்தான் தெரியாது.
கடைசியில் ஒரு பி உண்டு, ஒலிக்காது;
வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில்
நாற்காலி மட்டும் கொடுக்கப்பட்ட என்னைப் போல.
ரங் என்றால் ஏணியின் ஒரு படி.
ஸ்டபர்ன் என்றால் எங்கள் ஒட்டகம். அவளும்.

பின்னட்டையில் இன்ஸ்பிரேஷனல் என்று
கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.
உள்ளே அவள் ஒருமுறையும் அதைச் சொல்லவில்லை.
உள்ளே இருந்தவை பெட்பேன், பில்தொகை,
சக்கர நாற்காலி நுழையாத குளியலறைக் கதவு.
அந்தச் சொல்லை நான் எழுதிக்கொள்ளவில்லை.

நூற்று நாற்பதாம் பக்கத்தில்
இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்கிறாள்.
லெட் கோ, என்கிறாள் தனக்குத்தானே.
கைகளை எடுக்கிறாள்.
நான்கு நொடி.
என் உப்புத் தேநீரில் ஆடை படிந்துபோயிருந்தது.

டிசம்பர், இரவு இரண்டு மணி.
கன்சோரிக்கின் லாரி மேடையில் ஏறியது.
ஒன்பது டன் கூடுதல்.
மேலாளர் டெஸ்மண்ட் கதவைத் தள்ளி வந்து
லெட் இட் கோ, என்றார்.
அதே சொல்தான்.
அங்கே பிடியை விடுவது, இங்கே கண்ணை மூடுவது.
எந்தத் தராசில் வைத்தாலும்
இரண்டும் ஒரே எடை காட்டாது.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்திலிருந்து
அவள் மருத்துவரிடம் சொன்ன சொல்லை எடுத்தேன்.
ஐ ரெஃப்யூஸ்.
அவர் ஒரு கணம் விழித்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.
ரெஃப்யூஸ் என்றால் குப்பை, ஓயூன்கெரெல்!
நீ குப்பை என்றா சொல்கிறாய்?
மறுப்பதென்றால் ரிஃப்யூஸ்,
அழுத்தம் பின்னால் விழ வேண்டும்.

புத்தகத்துக்கு ஏது நாக்கு?
அழுத்தம் எங்கே விழும் என்று
அது எனக்குச் சொல்லவே இல்லை.
பரவாயில்லை.
பாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பது
என் தொழில்தான்.
ஐ ரிஃப்யூஸ், என்றேன்.
அவர் சிரிப்பு பாதியில் மரத்துப்போனது.

அளந்து பேசு என்பார்கள்.
நான் அளப்பவள் அல்ல, நிறுப்பவள்.
லாரியை நிறுத்தேன்.
நிறுத்தினேன்.
தடுப்புக்கம்பி எழவில்லை.

கன்சோரிக் என் ஏழு தலைமுறையையும் திட்டியபடி
நான்கு மணிவரை கரியை வாரி இறக்கினான்.
திரையில் எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின.
டெஸ்மண்ட் போய்விட்டிருந்தார்.
வெள்ளிக்கிழமை என்ன நடக்கும் என்று தெரியாது.

விடியும் முன் வேலை இல்லாமல்
ரெஃப்யூஸைத் தேடப் போன கை
வழியில் ஃபாலிடம் நின்றது.
இரண்டாவது பொருள்: விழுதல்.
ஓ.
ஏணியிலிருந்து, அவ்வளவுதான்.
சீட்டைத் திருப்பி அதை எழுதிக்கொண்டேன்.
பழையதை அடிக்கவில்லை.
அந்த இலையுதிர்காலத்தோடு
மூன்று வாரம் பழகியிருக்கிறேன்.